மார்க் இருந்தும் பல் டாக்டர் ஆனவள்

மார்க் பத்தாமல்தான் என் தங்கச்சி பல் டாக்டர் படிப்புக்குப் போனாள் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அவள் சாவு வீட்டிலேயே சொன்னார்கள். வாசலில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து டீயை ஊதிக்கொண்டே, "கெட்டிக்காரப் பொண்ணுதான். பாவம், கொஞ்சத்துல பெரிய டாக்டர் சீட்டு தவறிப்போச்சு" என்று பக்கத்து ஆளிடம் சொன்னவர் வேறு யாரும் இல்லை, எங்கள் சொந்த மாமா. அம்மாவின் தம்பி. உள்ளே அவளைக் கிடத்தியிருக்கிறது. இவர் வெளியே மார்க் போட்டுக்கொண்டிருக்கிறார். நாற்காலியோடு சேர்த்துத் தூக்கித் தெருவில் வைத்திருப்பேன். அம்மா இருந்தாள் என்பதால் சும்மா விட்டேன்.

இருபது வருஷத்துக்கு மேலாக இந்தப் பேச்சைக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதும் கேட்டேன், பட்டறைக்கு வருகிறவர்களிடமும் கேட்டேன்.

"தங்கச்சி டாக்டராமே?"

"ஆமா."

"எதுக்கு டாக்டர்?"

"பல்லுக்கு."

"ஓ... பல்லா."

அந்த 'ஓ'வுக்கும் 'பல்லா'வுக்கும் நடுவில் குரல் ஒரு படி இறங்கும் பாருங்கள். இருட்டில் மாடிப்படி இறங்கும்போது இல்லாத படியில் காலை வைத்த மாதிரி இருக்கும் எனக்கு.

அவளுக்கு மார்க் இருந்தது. பெரிய டாக்டர் படிப்புக்கே இடம் இருந்தது. வேண்டாம் என்று சொன்னவள் அவள். ஏன் வேண்டாம் என்றாள் என்பது எனக்கு மட்டும் தெரியும். அம்மா காதில் விழக்கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கியிருந்தாள். வாக்குக் கொடுத்தவன் பாடு இருக்கிறதே, கையைக் கட்டிப்போட்டு அடிக்கிற மாதிரி. இப்போது அம்மாவும் போய்விட்டாள். இனிமேல் சொன்னால் யாருக்கும் வலிக்காது. அதனால் எழுதுகிறேன். எனக்கு எட்டாவதோடு படிப்பு முடிந்தது. வார்த்தை முன்னேபின்னே இருந்தால் நீங்களே நிமிர்த்திப் படித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அப்பா அச்சகத்தில் மிஷின் ஓட்டினார். வீட்டுக்கு வரும்போது விரல் நுனியில் மை இருக்கும், சோப்புக்கும் போகாது. எனக்குப் படிப்பு ஏறவில்லை, லேத் பட்டறைக்குப் போய்விட்டேன். இரும்பு எனக்குப் பிடித்தது. சொன்னபடி கேட்கும், கேட்காவிட்டால் உடையும், நடுவில் நடிக்காது. தங்கச்சி என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள். வீட்டில் வருகிற பழைய அச்சுத்தாளைக்கூட விடாமல் படிப்பாள். "இவ ஒருத்தி படிக்கிறதுல உனக்கும் சேர்த்து ஏறிடும்டா" என்று அப்பா என்னைக் கிண்டல் செய்வார்.

அவள் பத்தாவது படிக்கும்போது அப்பாவுக்கு வயிற்றில் ஏதோ வெடித்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆபரேஷன் நடந்தது. இரண்டு நாள் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் மதியம் நான் பட்டறையில் இருந்தேன். அம்மா பால் வாங்கக் கீழே போயிருந்தாள். வராந்தா பெஞ்சில் தங்கச்சி மட்டும், பள்ளிக்கூடத்துச் சீருடையோடு, மடியில் பையை வைத்துக்கொண்டு.

டாக்டர் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். சின்ன வயசுக்காரர். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

"கூட பெரியவங்க யாரும் இல்லையாம்மா?"

"அம்மா பால் வாங்கப் போயிருக்காங்க சார்."

கொஞ்சம் நின்றார். உள்ளே இருந்து யாரோ கூப்பிட்டார்கள். "அப்பா போயிட்டார்மா. அம்மா வந்ததும் நீயே பக்குவமா சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவரையும் குறை சொல்ல மாட்டேன், அவருக்கு உள்ளே எத்தனை பேரோ.

அம்மா வந்தாள். "டாக்டர் வந்தாரா? என்ன சொன்னார்?"

"அப்பா தூங்குறார்மா."

அதுதான் அவள் வாயிலிருந்து வந்தது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். பிளாஸ்கைத் திறந்து பாலை டம்ளரில் ஊற்றிச் சூடு பார்த்தாள், மறுபடி பிளாஸ்கில் ஊற்றி மூடினாள். "எந்திரிச்சதும் வெதுவெதுப்பா குடுக்கணும்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி திறந்து பார்த்தாள். இவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பாலும் ஆறிக்கொண்டிருந்தது.

பட்டறையிலிருந்து கிரீஸ் கையோடு நான் வந்தபோது வாசலிலேயே நர்சு சொல்லிவிட்டார். நேராக அம்மாவிடம் போனேன். "அம்மா, அப்பா போயிட்டார்." எனக்கு வேறு மாதிரி சொல்லத் தெரியாது. அம்மா என்னைப் பார்க்கவில்லை. தங்கச்சியைத் திரும்பிப் பார்த்தாள்.

"தூங்குறார்னு சொன்னியேடி."

அவ்வளவுதான். அடிக்கவில்லை, திட்டவில்லை, அதற்குப் பிறகு ஒரு நாளும் அந்தப் பேச்சை அம்மா எடுத்ததும் இல்லை. ஆனால் தங்கச்சி முகத்தை அப்போது நான் பார்த்தேன். அப்பாவை இழந்ததைவிட அந்த ஒரு வாக்கியம்தான் அவளை அடித்துப்போட்டது.

இரண்டு வருஷம் கழித்து, படிப்புக்கு இடம் தேர்ந்தெடுக்கிற நாள். பெரிய மண்டபம், மேலே மின்விசிறிகள் கிறீச்சிட்டுக்கொண்டு சுற்றின. மார்க் வரிசைப்படி கூப்பிட்டார்கள். நான் பட்டறைக்கு லீவு போட்டுவிட்டு, இருந்ததில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு கூடப் போனேன். இவள் முறை வந்தது. மேஜைக்குப் பின்னால் இருந்த அம்மாள் மருத்துவக் கல்லூரிகளின் பெயரை வாசிக்க ஆரம்பித்தார். இவள் குறுக்கே புகுந்து, "பல் மருத்துவம் மேடம்" என்றாள்.

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "உனக்கு மருத்துவமே கிடைக்குதும்மா. அதுக்குத்தான் இங்க எல்லாரும் அழறாங்க. வெளிய போய் வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டு வா."

"கேட்டாச்சு மேடம்" என்றாள். யாரைக் கேட்டாள்? என்னைக் கூடக் கேட்கவில்லை. நான் குறுக்கே போவதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டாள்.

பஸ்ஸில் அவளை விடவில்லை. "உனக்கென்ன பைத்தியமா? ஊரெல்லாம் கேட்டா நான் என்ன சொல்வேன்? பல்லு புடுங்கறதுக்கா விடிய விடியப் படிச்சே?" முன் சீட்டுக்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அவள் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் சொன்னாள்:

"பல் டாக்டர்கிட்ட வர்றவங்க யாரும் சாக மாட்டாங்கண்ணா. கதவைத் திறந்து வெளிய வந்து நான் யார்கிட்டயும் எதுவும் சொல்ல வேண்டாம்."

கொஞ்ச தூரம் போனதும் அவளே மறுபடி சொன்னாள்:

"அம்மாகிட்ட சொல்லாதே. நான் இதனாலதான் போனேன்னு தெரிஞ்சா, அன்னைக்கு அப்படிக் கேட்டுட்டோமேன்னு உள்ளுக்குள்ளயே கிடந்து உருகும். மார்க் பத்தலைன்னே இருக்கட்டும்."

ஆக, அந்தப் பொய்யைக் கிளப்பிவிட்டவளும் அவளேதான். மாமா அதைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றினார்.

அவள் படித்த காலத்தில் எங்கள் வீடு நாறிப்போனது. மெழுகுக் கட்டியை வைத்துக்கொண்டு சின்னக் கத்தியால் பல் மாதிரி செதுக்கிக்கொண்டே இருப்பாள். தரையெல்லாம் மெழுகுச் சீவல், வழுக்கி விழாதவர் இல்லை. அப்புறம் நிஜப் பல் வேண்டும் என்றாள். பிடுங்கின பல், பயிற்சிக்கு. "யார்கிட்டயாவது கேட்டு வாங்கிட்டு வாண்ணா." நான் பட்டறையில் சொல்லி வைத்தேன். ஒரு வாரத்தில் ஊறுகாய் பாட்டில் நிறைந்துவிட்டது. எங்கிருந்துதான் கொண்டுவந்தார்களோ. "என்ன, தொழிலை மாத்திட்டீங்களா? இரும்பைவிட எலும்புல லாபம் அதிகமோ?" என்று பக்கத்துப் பட்டறைக்காரன் கேலி செய்தான்.

பாட்டிலுக்கு அடுத்து என் வாய். ஒரு நாள் என் வாயில் களிமண் மாதிரி எதையோ அப்பி அச்சு எடுத்து, அதில் சுண்ணாம்பு மாதிரிக் குழைத்து ஊற்றி, என் தாடையை வெள்ளையாக டி.வி. மேலே கொண்டுவந்து வைத்துவிட்டாள். அம்மா காலையில் எழுந்து அதைப் பார்த்து அலறிய அலறலில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது.

"உன் அண்ணன் உசுரோட இருக்கும்போதே ஏண்டி இப்படிப் பண்ணி வெச்சிருக்கே?"

"நல்ல அமைப்பும்மா. கீழ்வரிசை மட்டும் கொஞ்சம் தள்ளுமுள்ளு."

"அவன் குணம் மாதிரி" என்றாள் அம்மா. மூன்று பேரும் சிரித்தோம். அப்பா போனபிறகு அந்த வீட்டில் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான்.

படிப்பு முடிந்து, மருந்துக்கடைக்கு மேலே மாடியில் ஓர் அறையைப் பிடித்து கிளினிக் போட்டாள். காற்று அழுத்துகிற கம்ப்ரஸர், தண்ணீர்க் குழாய் எல்லாம் நான்தான் மாட்டினேன். சுவருக்கு வண்ணம் அடித்தது எங்கள் தெருக் கோடியில் இருந்த பெயிண்டர். அவள் வெள்ளை கேட்டாள். அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. "வெள்ளை அடிச்சா ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும் டாக்டரம்மா. ஜனங்க படியிலயே திரும்பிடுவாங்க. இளம்பச்சை அடிக்கிறேன், வயல்ல உக்காந்த மாதிரி இருக்கும்." அவர் சொன்னதுதான் நடந்தது. ஏணியில் நின்றபடி கன்னத்தில் புகையிலையை அதக்கிக்கொண்டு அவர் பேசுவதில் பாதி எனக்குப் புரியாது, அவளுக்கு எல்லாம் புரியும்.

"அந்தப் புகையிலையை விடுங்க."

"விட்டா நான் ஏணியில இருந்து விழுந்துடுவேன் டாக்டரம்மா. பிடிமானமே அதுதான்."

தொழில் நன்றாக நடந்தது. சொத்தைப் பல், ஈறு வீக்கம், பல் செட்டு. வலியோடு படியேறி வருகிறவர்கள் வலி இல்லாமல் இறங்கிப் போனார்கள். அவள் நினைத்தபடியே யாரும் சாகவில்லை. தபால் ஆபீஸில் வேலை பார்த்த ஒரு மாப்பிள்ளை வந்தார், சாது மனுஷர். ஒரு பெண் குழந்தை பிறந்தது. மாலையில் கிளினிக்கை மூடிவிட்டுப் பட்டறை வழியாகத்தான் வீட்டுக்குப் போவாள். அப்போதெல்லாம் அவள் முகத்தைப் பார்த்தால், பஸ்ஸில் நான் கத்தியதெல்லாம் வீண் என்று தோன்றும். சரியான இடத்தில்தான் போய் உட்கார்ந்திருக்கிறாள்.

அவளிடம் ஒரு பழக்கம். எந்தப் பல்லுக்கு வந்தாலும் வாய் முழுக்கப் பார்ப்பாள். சின்னத் துணியால் நாக்கு நுனியைப் பிடித்து இழுத்து, இந்த ஓரம், அந்த ஓரம், அடிப்பக்கம், கன்னத்தின் உட்புறம். கல்லூரியில் பாடம் எடுத்த வாத்தியார் அப்படிச் சொல்லிக்கொடுத்தாராம்.

ஒரு நாள் பெயிண்டர் கடைவாய்ப் பல் குத்துகிறது என்று வந்தார். நாக்கின் ஓரத்தில் ஒரு புண் இருந்தது. தொட்டுப் பார்த்தாள், அடியில் கட்டியாக இருந்தது. பார்த்த நிமிஷமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவர் வாயைத் திறந்தபடி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார்.

"என்ன டாக்டரம்மா?"

"ஒரு புண் இருக்கு. பெரிய ஆஸ்பத்திரியில ஒரு தடவை காட்டிடுங்க. எழுதித் தர்றேன். சும்மா ஒரு டெஸ்ட்தான், பயப்பட ஒண்ணும் இல்ல."

எழுதிக் கொடுத்ததில் எல்லாம் சரியாக எழுதியிருந்தாள். என்ன சந்தேகம், எந்தப் பிரிவு, எவ்வளவு அவசரம், எல்லாமே. ஆனால் அது அவருக்குத் தெரியாத பாஷையில் இருந்தது. தெரிந்த பாஷையில் அவருக்குக் கிடைத்தது 'ஒண்ணும் இல்ல' என்பது மட்டும்தான். மனுஷர் சந்தோஷமாக இறங்கிப் போனார். பட்டறையில் என்னிடமே வந்து, "உங்க தங்கச்சி நாக்கை இழுத்துப் பார்த்துட்டு ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க. என் பொண்டாட்டிதான் கிடந்து பயந்தா" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சீட்டு சட்டைப் பையில் கிடந்து துணி துவைக்கும்போது கரைந்து போயிருக்கும்.

மழைக்காலம் முழுதும் போனது. அப்புறம் ஒரு நாள் பெயிண்டரை அவர் சம்சாரம் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். மனுஷர் வாயைத் துண்டால் பொத்தியிருந்தார், பேச்சு வரவில்லை, கழுத்தில் எலுமிச்சை அளவு வீக்கம். கிளினிக்கில் இன்னும் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர் சம்சாரம் சண்டை போடவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்:

"நீங்கதானேம்மா ஒண்ணும் இல்லைன்னு சொன்னீங்க?"

பெயிண்டர் அதற்கப்புறம் அதிக நாள் இல்லை.

அவள் கிளினிக்கைத் திறக்கவில்லை. வீட்டுக்குப் போனால் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். எனக்குக் கோபம் வந்தது. "நீ எழுதிக் குடுத்தே, அந்த ஆள் போகலை. அதுக்கு நீ என்ன பண்ணுவே? தோள்ல தூக்கிட்டா போக முடியும்?"

"எழுதினது சரிதாண்ணா. சொன்னதுதான் தப்பு."

"அப்போ நேராவே கேன்சர்னு சொல்லித் தொலைச்சிருக்க வேண்டியதுதானே?"

"வாய் வரலை" என்றாள். "அதுக்குப் பயந்துதானே இந்தப் படிப்புக்கே வந்தேன். இங்கயும் வந்து நிக்குது."

அவளுக்குத் தொழிலை விட்டுவிடுகிற எண்ணம்கூட இருந்தது. மாமா வந்து, "பல் டாக்டருக்கு இதெல்லாம் எதுக்கு? பல்லைப் பார்த்தோமா, அனுப்பினோமான்னு இரு. நாக்கை ஏன் இழுக்கறே?" என்று ஆறுதல் சொன்னார். அவர் சொன்ன ஆறுதலிலேயே அவளுக்கு ரோஷம் வந்திருக்க வேண்டும். மறுநாள் போய்க் கதவைத் திறந்துவிட்டாள்.

நாக்கை இழுத்துப் பார்ப்பதை விடவில்லை. சொல்கிற விதத்தைத்தான் மாற்றினாள். சந்தேகமாக ஏதாவது தெரிந்தால் முதலில் நாற்காலியை நிமிர்த்துவாள். கழுத்தில் கட்டிய துணியை அவிழ்ப்பாள், வாயைக் கொப்பளிக்கச் சொல்வாள். தன் முகமூடியையும் கையுறையையும் கழற்றிப் போடுவாள். "மல்லாந்து வாயைத் திறந்துகிட்டு யாரும் இதைக் கேக்கக் கூடாதுண்ணா" என்பாள். அப்புறம் எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து சொல்வாள். "இது சாதாரணப் புண் இல்லைங்க. கேன்சரா இருக்கும்னு நான் நினைக்கிறேன். டெஸ்ட் எடுத்தாத்தான் உறுதியாத் தெரியும். நாளைக்குக் காலையில நானே உங்களைக் கூட்டிட்டுப் போறேன்." அந்த வார்த்தையை முழுங்காமல் சொல்வாள். சொன்னபடி கூடவும் போவாள்.

எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். ஒரு மளிகைக்கடைக்காரர் மாடிப்படியில் நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார். "பல்லு கூசுதுன்னு வந்தா கேன்சர்ங்கறா! வாய்க்கு வந்ததை உளர்றா!" இவள் சொன்னது பொய் என்று நிரூபிப்பதற்காகவே வீம்புக்குப் பெரிய ஆஸ்பத்திரி போனார். ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டார்கள், பிழைத்துக்கொண்டார். அதற்கப்புறமும் அவர் இவளோடு பேசவில்லை, எதிரே வந்தால் தலையைத் திருப்பிக்கொள்வார். ஆனால் தன் சொந்தக்காரர்களை எல்லாம் ஒவ்வொருவராக இங்கேதான் அனுப்பினார்.

அப்படி யாரிடமாவது சொல்லிவிட்டு வருகிற அன்றைக்கு அவள் பட்டறையில் என் லேத் பக்கத்தில் வந்து நிற்பாள். இரும்பு சுருள் சுருளாக உரிந்து விழுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் மிஷினை நிறுத்த மாட்டேன். அந்தச் சத்தத்துக்காகத்தான் வந்திருக்கிறாள் என்று தெரியும். ஒரு தடவை மட்டும் கேட்டேன்.

"இன்னுமா பழகலை?"

"பழகிட்டா அப்புறம் நான் சொல்லக் கூடாதுண்ணா."

இப்படியே வருஷங்கள் ஓடின. பெண் ஏழாவது, எட்டாவது என்று வளர்ந்தாள். இவளுக்கு முதுகு வலி ஆரம்பித்தது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அவளும்தான். நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் குனிந்து நிற்கிற பிழைப்பு. பல் டாக்டர்கள் எல்லாருக்கும் முதுகு வலிதான். கூடப் படித்தவர்கள் போனில் பேசினால் நலம் விசாரிப்பதற்கு முன்னால் முதுகைத்தான் விசாரிப்பார்கள். நானே முதுகு தாங்குகிற மாதிரி ஒரு ஸ்டூல் செய்து கொடுத்தேன், உயரம் ஏற்றி இறக்க மரை போட்டு. "அருமையா இருக்குண்ணா, வலி பாதி போயிடுச்சு" என்றாள். ஊர்க்காரர்கள் வாயையெல்லாம் மூலை விடாமல் பார்த்தவள், தன் வலியை ஸ்டூலில் உட்காரவைத்து மாதக்கணக்கில் சுமந்துகொண்டிருந்தாள்.

கண் மஞ்சளானபிறகுதான் ஆஸ்பத்திரி போனாள். கணையத்தில் கட்டி. முதுகு வலி அங்கிருந்துதான் வந்திருக்கிறது. வயிறு முழுக்கப் பரவியிருந்தது.

அங்கே பார்த்த டாக்டர், மாப்பிள்ளையை மட்டும் வெளியே கூப்பிட்டுச் சொன்னார். "அவங்ககிட்ட இப்ப சொல்ல வேண்டாம், தைரியமா இருக்கட்டும்" என்றாராம். மாப்பிள்ளை முகத்தைக் கழுவிக்கொண்டு சிரித்தபடி உள்ளே வந்தார். நான் கட்டில் பக்கத்தில் இருந்தேன். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அண்ணா, அந்த டாக்டரைக் கூப்பிடு."

வந்தார். கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டு, முகமூடிக்குள்ளேயே, "ஒண்ணும் இல்லைங்க மேடம், சின்ன அடைப்பு..." என்று ஆரம்பித்தார்.

"உக்காருங்க டாக்டர்" என்றாள். "முகமூடியைக் கழட்டிடுங்க. நான் பல் டாக்டர்தான், ஆனா ஸ்கேன் படிக்கத் தெரியும்."

அவர் உட்கார்ந்தார். சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள். "இன்னும் எவ்வளவு நாள்?" என்று கேட்டாள், அதையும் சொன்னார். "நன்றி டாக்டர். இது உங்களுக்கும் கஷ்டம்தான்" என்று அவருக்கு ஆறுதல் வேறு சொல்லி அனுப்பினாள். மாப்பிள்ளை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டோம். முன் அறையில் உட்கார்ந்து பெரியவர்கள் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். பெண்ணிடம் சொல்ல வேண்டாம். பரீட்சை நேரம். முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். மாமா சொன்னார், மாப்பிள்ளை தலையாட்டினார், அம்மாவும் சரி என்றாள். பெண்ணிடம் அவள் அம்மாவுக்கு மஞ்சள் காமாலை என்று சொல்லியிருந்தார்கள். எனக்கு ஒப்பவில்லை. ஆனால் பெற்றவர் தலையாட்டும்போது நான் யார்?

அந்தப் பெண் அதை முழுசாக நம்பியது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மாவின் கட்டிலில் ஏறி உட்கார்ந்து கதை அளக்கும். "கண்ணுல மஞ்சள் கொஞ்சம் குறைஞ்சிருக்கும்மா, நான் தினமும் பாக்கறேன்ல" என்று சொல்லும். கிளினிக்குக்கு வருகிற போனை எல்லாம் அதுதான் எடுக்கும்.

ஒரு சனிக்கிழமை நான் இருக்கும்போதும் போன் வந்தது. பெண் முன் அறையில் நின்று கணீரென்று பேசியது. "அம்மாவுக்கு மஞ்சள் காமாலைங்க. பயப்பட ஒண்ணும் இல்லையாம். பரீட்சை முடியறதுக்குள்ள கிளினிக் திறந்துடுவாங்க." வைத்துவிட்டு டியூஷனுக்குக் கிளம்பிப் போனது.

தங்கச்சி உள்ளே கட்டிலில் இருந்தாள். எல்லாம் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டாள். அழுகிறாளோ என்று பார்த்தேன். இல்லை.

"யாருண்ணா சொன்னது அவகிட்ட, பயப்பட ஒண்ணும் இல்லைன்னு?"

"எல்லாரும்தான்."

"அன்னைக்கு அம்மா மாதிரியே பாலைச் சூடு பண்ணிக்கிட்டு உக்காந்திருக்கா பாரு, பாவி."

நாற்காலியைக் கட்டில் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னேன்: "நான் சொல்லிடறேன். அன்னைக்கும் நான்தானே சொன்னேன். எனக்குத்தான் அது வரும். உனக்கு உடம்பு இருக்கிற இருப்புல..."

"வேண்டாம்."

"உங்க வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவார்னா, நான் பேசிக்கறேன்."

"அதுக்கில்லண்ணா. ஊர்ல யார் யார்கிட்டயோ சொல்லிட்டேன். சொந்தப் பொண்ணுகிட்ட ஆள் வெச்சா சொல்வேன்?"

தலையணையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தாள். நான் தோளைப் பிடித்துத் தூக்கினேன், கையில் கனமே இல்லை. முடியை அவளே ஒதுக்கிக்கொண்டாள். மூச்சு வாங்கியது. அது அடங்கும்வரை பொறுத்திருந்தாள். உதட்டை லேசாக அசைத்து எதையோ சொல்லிப் பார்த்துக்கொண்டாள், பாடம் ஒப்பிக்கப் போகிற பிள்ளை மாதிரி. என்ன வார்த்தை என்று எனக்குக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் இருந்தது கொஞ்ச நாள்தான். தண்ணீர் எடு, ஜன்னலைச் சாத்து என்றுகூட என்னிடம் கேட்டதில்லை. அதையெல்லாம் அந்தப் பெண்ணே பார்த்துக்கொண்டது. என்னைச் செய்யச் சொன்னதில் அன்றைக்குச் சொன்னதுதான் கடைசி.

"டியூஷன் விட்டதும் நீயே போய் அவளைக் கூட்டிட்டு வாண்ணா. வழியில எதுவும் சொல்லாதே, எதுவும் வாங்கியும் குடுக்காதே. அவளை உள்ள விட்டுட்டு, கதவைச் சாத்திட்டு வெளிய நில்லு. அம்மா, மாமா, அவர், யாரையும் விடாதே. அவ அழற சத்தம் கேட்டாலும் திறக்காதே. நாங்களே திறக்கறோம்."